டிரெய்லருக்கு எல்இடி போட்டாச்சு, இண்டிகேட்டர் படபடன்னு அடிக்குது: லோடு ரெசிஸ்டர் வாங்கறதா, வேற வழி இருக்கா?

பொங்கல் முடிஞ்சதுல இருந்து இதே கேள்விய மூணு பேர் கேட்டுட்டாங்க. ஒருத்தர் எங்க சித்தப்பா, நெல்லிக்குப்பம் ஆலைக்கு கரும்பு ஏத்தற டிராக்டர் வச்சிருக்காரு. 2024 ஃபெஞ்சல் புயலுக்கு அப்புறம் தென்பெண்ணை தண்ணி ஊருக்குள்ள வந்தப்போ டிரெய்லர் ரெண்டு நாள் தண்ணியிலயே நின்னுச்சு, பல்பு ஹோல்டர் எல்லாம் துரு பிடிச்சு உதிர்ந்து போச்சு, அதனால எல்இடிக்கு மாறுனாரு. இன்னொருத்தன் அரியாங்குப்பத்துல இருக்கற என் மச்சான், எஸ்யூவி பின்னாடி சின்ன படகு டிரெய்லர் மாட்டி சுண்ணாம்பாறு பக்கம் இழுத்துட்டு போவான். மூணாவது, தேவனாம்பட்டினத்துல மாசி மகம் தீர்த்தவாரி, ஊர் திருவிழானு ஜெனரேட்டர் டிரெய்லர் வாடகைக்கு விடற அண்ணன், அவரு அதை இழுக்கறது 24 வோல்ட் லாரியில.

மூணு பேருக்கும் ஒரே வியாதி மாதிரி தான் தெரியும், கடையில போய் கேட்டா மூணு பேருக்கும் பல்பு இருக்கற மாதிரி வண்டிய ஏமாத்தற அதே தங்கக் கலர் லோடு ரெசிஸ்டரை எடுத்து நீட்டுவாங்க. ஆனா மூணு பேருக்கும் மருந்து வேற வேற. ஒருத்தருக்கு மருந்தே தேவைப்படல.

வாங்கறதுக்கு முன்னாடி, பிளக்கை கழட்டிட்டு பாருங்க

வண்டி ஏன் வேகமா அடிக்குது? 12 வோல்ட்ல 21 வாட் பல்பு சுமாரா 1.75 ஆம்ப் இழுக்கும். அதே இடத்துல எல்இடி இழுக்கறது 0.2 ஆம்ப் கிட்ட தான். ஃபிளாஷரோ (இண்டிகேட்டரை விட்டு விட்டு எரிய வைக்கற சின்ன டப்பா) வண்டியோட கம்ப்யூட்டரோ ஆம்பை வச்சு தான் பல்பு எரியுதா இல்லையானு கணக்கு போடுது, ஆம்ப் கொறைஞ்சா "ஒரு பல்பு போச்சு"னு நெனச்சு வேகத்த கூட்டிடும். பழைய காலத்து சூடாகி அடிக்கற ஃபிளாஷர்னா எதிர்மாறா இருக்கும், மெதுவா அடிக்கும், இல்லன்னா அடிக்காமலே எரிஞ்சுட்டு நிக்கும்.

இங்க ஒரு விஷயத்தை பல பேர் யோசிக்கறதே இல்ல. டிராக்டர்ல முன்னாடி ஒரு பல்பு, பின்னாடி மட்கார்டுல ஒரு பல்புனு ஒரு பக்கத்துக்கு ரெண்டு பல்பு ஏற்கனவே இருக்கு. அந்த ரெண்டும் நல்லா இருந்தா, டிரெய்லர்ல எல்இடி போட்டாலும் ஃபிளாஷருக்கு 42 வாட் கெடைச்சுடும், அது வழக்கம் போல தான் அடிக்கணும். அப்ப சித்தப்பாவுக்கு ஏன் படபடன்னு அடிச்சுது?

டிரெய்லர் லைட்டுக்கு கரண்ட் போற 7 பின் பிளக்கை கழட்டி விட்டு இண்டிகேட்டர் போட சொன்னேன். டிரெய்லரே இல்லாம அப்பவும் படபடன்னு தான் அடிச்சுது. இறங்கி போய் பாத்தா டிராக்டரோட பின் இடது பல்பு எப்பவோ ஃபியூஸ் போயிருக்கு! இத்தனை நாளும் டிரெய்லர்ல இருந்த பல்பு அந்த கணக்கை சரிக்கட்டிட்டு இருந்துச்சு, முன்னாடி ஒண்ணு டிரெய்லர்ல ஒண்ணுனு ரெண்டு கெடைச்சதும் ஃபிளாஷர் பேசாம இருந்துடுச்சு. டிரெய்லருக்கு எல்இடி போட்ட உடனே ஆம்ப் கொறைஞ்சு குட்டு வெளிப்பட்டுச்சு, எல்லாரும் எல்இடிய திட்டுனாங்க. ஒரு பல்பு மாத்துனதோட கதை முடிஞ்சுது.

அதனால, பிளக்கை கழட்டியும் வேகமா அடிச்சா கோளாறு இழுக்கற வண்டியில, ஒண்ணு அதுல பல்பு போயிருக்கு, இல்ல அதுலயும் யாரோ எல்இடி போட்டிருக்காங்க. மாட்டுனா மட்டும் வேகமா அடிச்சா, இல்ல டேஷ்போர்டுல எச்சரிக்கை வந்தா, வண்டி டிரெய்லர் பல்பையும் சேத்து எண்ணிப் பாக்குதுனு அர்த்தம். பிரேக் பிடிச்சா இண்டிகேட்டரும் லேசா மினுக்குது, எல்லாம் மங்கலா எரியுதுனா அது எர்த் கோளாறு, அதுக்கு ரெசிஸ்டர் போடறது காய்ச்சலுக்கு செருப்பு மாத்தற மாதிரி. 12 வோல்ட் வண்டியோட 7 பின்னுல 3வது பின், வெள்ளை வயர், அதான் எர்த். கொக்கி பின்னு இரும்பு தானே அதுலயே எர்த் வந்துடும்னு அந்த வயரை விட்டுடறாங்க, கொக்கியில கிரீஸும் துருவும் சேந்தா எர்த் எங்க இருந்து வரும்.

எதை வச்சு முடிவு பண்றது

வண்டி எப்படிப்பட்டது, தனியா கழட்டி மாத்தற ஃபிளாஷர் இருக்கா, இல்ல எல்லாத்தையும் கம்ப்யூட்டர் பாத்துக்குதா, இது முதல் கேள்வி. அப்புறம் சூடு. அப்புறம் பின்னாடி லைட் போனா ஓட்டறவருக்கு தெரியுமா. நம்ம கடலூர் புதுச்சேரி பக்கம் கூடுதலா உப்புக் காத்து, எந்த ஜாயிண்ட் எத்தன நாள் தாங்கும்னு பாக்கணும். காசு கடைசி, ஏன்னா இதுல விலை கம்மியா இருக்கறது தான் பின்னால செலவு வைக்கும்.

லோடு ரெசிஸ்டர்

பல்பு இழுக்கற ஆம்பை இது இழுத்து சூடாக்கி காத்துல விடும், வண்டி ஏமாந்து போய் பல்பு இருக்குனு நம்பிக்கும், அவ்வளவு தான் இதோட வேலை. இண்டிகேட்டர் வயருக்கும் எர்த்துக்கும் நடுவுல, லைட்டுக்கு இணையா மாட்டணும். ரெண்டு முனைல எது எங்க போனாலும் பரவாயில்ல. லைட்டு வயர்ல வெட்டி நடுவுல சேத்துட்டா ஒரு பிரயோஜனமும் இல்ல, லைட்டு கொஞ்சம் மங்கும், படபடப்பு அப்படியே இருக்கும். இந்த மாதிரி மாட்டுன வண்டிங்கள நானே ரெண்டு பாத்திருக்கேன்.

எத்தன ஓம் வாங்கறது? 12 வோல்ட் வண்டியில இஞ்சின் ஓடறப்போ 13.8 வோல்ட் வரும்னு வச்சு, லாரிக்கு 28 வோல்ட்னு வச்சு போட்ட கணக்கு:

| ரெசிஸ்டர் | வண்டி | இழுக்கறது | சூடு | யாருக்கு |
|---|---|---|---|---|
| 6 ஓம் | 12 வோல்ட் | 2.3 ஆம்ப் | 32 வாட் | கடையில கேட்ட உடனே குடுப்பாங்க, பல பேருக்கு தேவைக்கு மேல |
| 8 ஓம் | 12 வோல்ட் | 1.7 ஆம்ப் | 24 வாட் | 21 வாட் பல்புக்கு நெருக்கமானது |
| 10 ஓம் | 12 வோல்ட் | 1.4 ஆம்ப் | 19 வாட் | முதல்ல இத மாட்டி பாருங்க |
| 25 ஓம் | 12 வோல்ட் | 0.55 ஆம்ப் | 8 வாட் | பின் பார்க்கிங் லைட்டுக்கு, வண்டி கேட்டா மட்டும் |
| 25 ஓம் | 24 வோல்ட் | 1.1 ஆம்ப் | 31 வாட் | லாரி இண்டிகேட்டருக்கு |
| 6 ஓம் | 24 வோல்ட் | 4.7 ஆம்ப் | 130 வாட் | யாருக்கும் வேணாம் |

கடைசி வரி தான் ஜெனரேட்டர் அண்ணனோட கதை. கடையில "எல்லா வண்டிக்கும் இதான்"னு 6 ஓம் குடுத்துட்டாங்க, 24 வோல்ட் லாரியில மாட்டி ஹசார்டு (எல்லா இண்டிகேட்டரும் சேந்து அடிக்கறது) போட்டுட்டு கடற்கரை ரோட்டுல ஓரங்கட்டி நின்னாரு, 50 வாட்னு எழுதியிருக்கற சாமானுக்கு 130 வாட். விட்டு விட்டு அடிக்கறதால சராசரி பாதி தான்னு வச்சாலும் 65 வாட். வயர் தோல் உருகி, பக்கத்துல இருந்த மட்ஃபிளாப் ஓட்டையாயிடுச்சு. தீ பிடிக்கலனு சந்தோஷப்பட வேண்டியது தான்.

அந்த 50 வாட்டுங்கற எழுத்தும் முழு உண்மை இல்ல. பெரிய இரும்புத் தகடுல நல்லா ஒட்டி போல்ட் போட்டு இறுக்குனா தான் 50 வாட் தாங்கும், வயர்ல தொங்க விட்டா அதுல பாதி கூட தாங்காது. மேல் பாகம் 100 டிகிரிய அசால்ட்டா தாண்டும். அதனால சேசிஸ்ல பெயிண்ட சுரண்டி, சமமான இடத்துல, போல்ட் போட்டு மாட்டுங்க, டேப்பு, பிளாஸ்டிக் டை, ரெண்டு பக்க ஒட்டு டேப்பு எதுவும் ஆகாது. கரும்பு டிரெய்லர்னா இன்னொரு பயம், சோகை, அதாவது கரும்பு இலை. காஞ்ச சோகை லைட்டு பின்னாடி, சேசிஸ் இடுக்குல எல்லாம் போய் அடையும், அதுக்கு நடுவுல கொதிக்கற ரெசிஸ்டர் இருக்கறத நெனச்சாலே எனக்கு பகீர்னு இருக்கு. ரெசிஸ்டர் லைட்டுக்கு பக்கத்துலயே இருக்கணும்னு ஒரு கட்டாயமும் இல்ல, அதே வயர்ல எங்க மாட்டுனாலும் ஒண்ணு தான், அதனால முன்னாடி இழுவைக் கம்பி கிட்ட, பிளக்கு பக்கத்துல, காத்து படற இடத்துல மாட்டுங்க. படகு டிரெய்லருக்கும் இதே யோசனை தான், பின்னாடி மாட்டுனா உப்புத் தண்ணியில முங்கி அலுமினியமும் போல்ட்டும் சேந்து அரிச்சுடும்.

இன்னொரு இடம், வண்டியில மாட்டறதா டிரெய்லர்ல மாட்டறதா. என் ஓட்டு டிரெய்லருக்கு தான். வண்டியில மாட்டுனா டிரெய்லர் இல்லாதப்பவும் அது பாட்டுக்கு சூடாகிட்டு இருக்கும், எண்ணிப் பாக்குற வண்டின்னா எப்பவும் டிரெய்லர் இருக்குனு நெனச்சுக்கும்.

மறைமுக செலவுல பெருசு, பொய் சொல்றது. நாளைக்கு எல்இடி நெஜமாவே போயிட்டா, ரெசிஸ்டர் ஆம்ப் இழுத்துட்டே இருக்கும், வண்டி வாயத் தொறக்காது. மார்கழி பனியில பண்ருட்டி ரோட்டுல இடது பக்கம் லைட்டே இல்லாம போயிட்டு இருப்பீங்க, ஓட்டறவருக்கு தெரியாது. அடுத்தது பேட்டரி. ஆலை வாசல்ல வரிசையில ராத்திரி பூரா இஞ்சின் ஆஃப் பண்ணி ஹசார்டு போட்டு நிப்பாங்கல்ல, ரெண்டு பக்கமும் 6 ஓம் இருந்தா 8 மணி நேரத்துல ரெசிஸ்டர் மட்டும் 17 ஆம்ப்-அவர் கிட்ட குடிச்சிடும், டிராக்டரோட சொந்த பல்பு திங்கறது தனி. பேட்டரி மிச்சம்னு தானேய்யா எல்இடி போட்டோம்.

எர்த் விட்டுப்போனா இது காட்டற வேடிக்கை தனி. இண்டிகேட்டர் எரியறப்போ பிரேக் லைட் அணையும், இண்டிகேட்டர் அணையறப்போ பிரேக் எரியும், மாத்தி மாத்தி. ரெசிஸ்டர் வழியா கரண்ட் எர்த் வயர்ல ஏறிடறதால வர்றது, லைட்டு மாத்த வேணாம், வெள்ளை வயர பாருங்க.

இவ்வளவு திட்டியும் ரெசிஸ்டர் தான் சரினு சொல்ற இடம் இருக்கு. வண்டி சாக்கெட்டுல மாட்டுனத எண்ணிப் பாக்குற ரகம், உள்ள கை வைக்க முடியாது, வாரண்டி இருக்கு இல்ல வண்டியே அடுத்தவங்களது. ஜெனரேட்டர் அண்ணனுக்கு அப்படித்தான், லாரி ஒப்பந்தத்துக்கு எடுத்தது, டேஷ்போர்டு பக்கம் கை வைக்கக்கூடாதுனு ஓனர் சொல்லிட்டாரு, டிரெய்லர் மட்டும் தான் அவரு சொத்து. 25 ஓம் 50 வாட் ரெண்டு, ஜெனரேட்டர் டிரெய்லரோட முன் சேசிஸ்ல இறுக்கியாச்சு. அப்புறம், வண்டி லைட்டு ஆஃப்ல இருக்கறப்போ சோதனைக்கு சின்னதா கரண்ட் அனுப்பி அதுல எல்இடி லேசா மினுக்குனா, அதையும் ரெசிஸ்டர் அடக்கிடும்.

எல்இடிக்குனு விக்கற எலக்ட்ரானிக் ஃபிளாஷர்

தனி ஃபிளாஷர் இருக்கற வண்டிக்கு, டிராக்டர், பழைய ஜீப், பழைய வேன், இதான் நேர் வழி. இது ஆம்பை பாக்காது, கடிகாரம் மாதிரி தன் பாட்டுக்கு அடிக்கும், நிமிஷத்துக்கு 60ல இருந்து 120க்குள்ள இருந்தா சட்டத்துக்கும் போதும். சூடு இல்ல, பேட்டரி மிச்சம், உள்ள இருக்கறதால உப்புக் காத்தும் பெருசா அண்டாது. விலையும் ரெண்டு ரெசிஸ்டர் விலையை ஒட்டி தான் வரும், மாட்டறது அஞ்சு நிமிஷ வேலை.

கவனிக்க வேண்டியது பின்னு. மூணு பின் ஃபிளாஷர்ல ஒண்ணு பேட்டரி, ஒண்ணு லைட்டு, ஒண்ணு எர்த், சிலதுல 49, 49ஏ, 31னு போட்டிருக்கும். எல்லா வண்டியிலயும் ஒரே வரிசையில இருக்காது, மாத்தி சொருகுனா புது ஃபிளாஷர் அங்கயே போயிடும், பழசை கழட்டறதுக்கு முன்னாடி செல்போன்ல ஒரு போட்டோ எடுத்துக்கோங்க. பழையதுல ரெண்டே பின் இருந்தா எர்த்துக்கு தனியா ஒரு வயர் இழுக்கணும். டிராக்டர்ல பல்பு, டிரெய்லர்ல எல்இடினு கலந்து இருந்தா எத்தன ஆம்ப் தாங்கும்னு மேல எழுதியிருக்கறத படிங்க, பைக்குக்கு விக்கற சின்னத வாங்கிட்டு வந்துடாதீங்க. சில டிராக்டர் டேஷ்ல டிரெய்லருக்குனு தனி சின்ன பச்சை விளக்கு இருக்கும், எல்இடி போட்டா அது எரியாம போகலாம், பழைய ஃபிளாஷர்லயும் சரி புதுசுலயும் சரி.

இதுலயும் லைட்டு போனா வண்டி சொல்லாது, அந்த விஷயத்துல ரெசிஸ்டருக்கும் இதுக்கும் வித்தியாசம் இல்ல. புது கார்ல இது கதைக்கே ஆகாது, அங்க ஃபிளாஷர்னு ஒரு டப்பாவே இல்ல, டிக் டிக்னு கேக்கற சத்தம் கூட ஸ்பீக்கர்ல வர்றது.

டேஷ்ல ரெண்டு பக்கத்துக்கும் சேத்து ஒரே ஒரு இண்டிகேட்டர் விளக்கு இருக்கற பழைய வண்டியா, முழுசா எல்இடியா மாத்திட்டீங்களா, அப்ப ஃபிளாஷர் மாத்துனதும் நாலும் சேந்து அடிக்கும். அந்த விளக்கு வழியா கரண்ட் எதிர்ப்பக்கம் கசியுது. கரண்டை ஒரே பக்கமா மட்டும் விடற டையோடு ரெண்டு போட்டா சரியாகும், பக்கத்துக்கு ஒரு ரெசிஸ்டர் போட்டாலும் அடங்கும்.

உள்ளயே ரெசிஸ்டர் வச்ச எல்இடி லைட்டு

மாட்டறது சுலபம், பாக்கவும் சுத்தமா இருக்கும். ஆனா எல்இடிக்கு எமனே சூடு தான், அதை சீல் பண்ணுன டப்பாக்குள்ள அடுப்போட சேத்து வச்ச மாதிரி. ஒண்ணு போனா முழு லைட்டையும் தூக்கி போடணும். எனக்கு பிடிக்கல.

டிரெய்லர் மாடியூல்

மச்சானுக்கு ஆனது இது. அவன் எஸ்யூவில பின் லைட்டு கம்பெனியிலயே எல்இடி. டிரெய்லர்ல பல்பு இருந்தப்போ, அந்த வயர்ல இருந்தே கிளை எடுத்து குடுத்தாங்க, கம்ப்யூட்டர் ஓவர்லோடுனு நெனச்சு அந்த பக்கத்தையே கட் பண்ணிடுச்சு. டிரெய்லருக்கு எல்இடி போட்டான், கட் ஆகறது நின்னுச்சு, ஆனா பார்க்கிங் லைட்டு துடிச்சுட்டே இருந்துச்சு. மரப்பாலம் பக்கம் ஒரு எலக்ட்ரீஷியன் ரெசிஸ்டர் போட்டுக் குடுத்தாரு, திரும்பவும் ஓவர்லோடு, திரும்பவும் கட்! இந்த மாதிரி வண்டியில ரெசிஸ்டர் போடறது வியாதிய திருப்பி விலைக்கு வாங்கறது.

மாடியூல் என்ன பண்ணும்னா, வண்டி லைட்டு வயர்ல இருந்து சிக்னலை மட்டும் தொட்டும் தொடாம எடுத்துக்கும், டிரெய்லருக்கு வேண்டிய கரண்டை பேட்டரியில இருந்து தனி ஃபியூஸ் வழியா குடுக்கும். கம்ப்யூட்டருக்கு பின்னாடி டிரெய்லர் இருக்கறதே தெரியாது. வண்டி விட்டு விட்டு அனுப்பற கரண்டை சமன்படுத்தற மாடியூலா கேட்டு வாங்குனா துடிப்பும் நின்னுடும். விலை ஆயிரக்கணக்குல போகும், பேட்டரியில இருந்து பின்னாடி வரைக்கும் வயர் இழுக்கற கூலி தனி, ஃபியூஸ் பேட்டரிக்கு பக்கத்துலயே இருக்கணும், நடுவுல எங்கயாவது வயர் உரசுனா காப்பாத்தறது அது தான். மாடியூலை வண்டிக்குள்ள, கார்பெட்டுக்கு பின்னாடி வைங்க, பம்பருக்கு அடியில வச்சா வீராம்பட்டினம் காத்துக்கு ஒரு மழைக்காலம் தாண்டறதே சந்தேகம்.

இண்டிகேட்டருக்கு மட்டும் பல்பையே வச்சுக்கறது

இத யாரும் சொல்ல மாட்டாங்க, விக்க ஒண்ணும் இல்ல பாருங்க. எண்ணிப் பாக்குற வண்டின்னா பார்க்கிங், பிரேக் ரெண்டையும் முதல்ல எல்இடியா மாத்துங்க, அதுக்கு வண்டி ஒண்ணும் சொல்லலன்னா இண்டிகேட்டருக்கு மட்டும் 21 வாட் பல்பு, நல்ல ஹோல்டர், கொஞ்சம் வேசலின். ரெசிஸ்டர் இழுக்கற அதே கரண்டை பல்பு இழுக்குது, ஆனா அது வெளிச்சமாவும் தருது, போனா வண்டி நெஜத்த சொல்லுது. பல்பு கெடைக்காத ஊர் கிடையாது, ராத்திரி ரெட்டிச்சாவடியில போனா கூட ஏதாவது ஒரு கடையில கெடைக்கும். தண்ணியில முங்கற படகு டிரெய்லருக்கு மட்டும் இது ஆகாது, சூடா இருக்கற பல்புல தண்ணி பட்டா பட்டுனு போயிடும்.

மச்சான் மாடியூல் போட்டு படகு இழுத்துட்டு இருக்கான். ஜெனரேட்டர் அண்ணன் மாசி மகத்துக்கு கெளம்பறதுக்கு முன்னாடி தினம் டிரெய்லர சுத்தி வந்து நாலு லைட்டும் எரியுதானு கண்ணால பாக்கறாரு, லாரி சொல்லாதுனு அவருக்கு தெரியும். சித்தப்பா கடலூர் வந்தப்போ எங்கிட்ட கேக்கறதுக்கு முன்னாடியே மஞ்சக்குப்பத்துல ரெண்டு 6 ஓம் வாங்கிட்டாரு, கடையில திருப்பி எடுக்கல, கவர் பிரிக்காம டூல் பாக்ஸ்ல தான் கெடக்கு, 12 வோல்ட் வண்டிக்காரங்க யாருக்காவது நெஜமாவே வேணும்னா பாதி விலைக்கு தர்றேங்கறாரு.